மேஸ்திரியைப் படம் எடுத்தவள்

மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்துக் கிடங்கைத் தாண்டி இடதுபக்கம் மூன்றாவது கதவு. அங்கே இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுப்பவளை டாக்டர்கள் முதல் தரை துடைப்பவர்கள் வரை எல்லோரும் எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தோள் இறங்கிப் போன பெரியவரோ, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிற குழந்தையோ, யாராக இருந்தாலும் சரி. “அப்படியே இருங்க... மூச்சை இழுங்க... பிடிங்க... ம், விடுங்க” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். படம் மங்கலாக விழுந்தால் டாக்டர் மேஜைவரை போகவிட மாட்டாள். அவளே பார்த்து, அவளே முகத்தைச் சுளித்து, அவளே இன்னொன்று எடுப்பாள்.

இப்படி ஊருக்கே எலும்பைக் காட்டுகிறவளுக்கு வீட்டில் ஒரு போட்டி இருந்தது. கூடத்தில், சுவரோரமாக நாலடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி. அதில் ஒரே ஒரு ஆஸ்கர் மீன். கரியடுப்பில் கனல் தெரிகிற மாதிரி, கறுத்த உடம்பில் திட்டுத் திட்டாக ஆரஞ்சு நிறம். ஒரு சாண் தாண்டிய நீளம். அதற்குத் துணைக்கென்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிற உறிஞ்சி மீன் ஒன்று.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்கருக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது அவர்தான். பெயரும் பொருத்தம்தான். கூழாங்கற்களை வாயால் கவ்வி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றும். நட்டு வைத்த செடியைப் பிடுங்கிப் போடும். பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று, வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்க்கும். அவர் வேலை முடிந்து வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நிற்பார். “என்ன மேஸ்திரி, இன்னைக்கு எவ்வளவு வேலை ஆச்சு?” மீனும் கண்ணாடியோரம் வந்து தலையை ஆட்டும். சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிற மனைவி, “இங்கயும் ஒரு ஆள் காலையிலேர்ந்து நின்னு நின்னு வேலை பாத்துட்டு வந்திருக்கு” என்பாள். “கேக்கத்தான் போறேன், அவன் முடிக்கட்டும்” என்பார் அவர்.

ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன வருஷம், அவருக்கும் கடல் தாண்டி ஒரு ஒப்பந்த வேலை வந்தது. நாற்பது மாடிக் கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு லிஃப்ட். பதினெட்டு மாதம். கிளம்பும் அன்று பெட்டியைப் பூட்டிவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணே ஒண்ணு. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை இவனை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.”

“என் போட்டோ வேண்டாமா?”

“உன்னோடது பர்ஸ்லயே இருக்கே.”

“அது கல்யாணத்துல எடுத்தது!”

“அதனாலதான் வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, அடி விழுவதற்குள் டாக்சியில் ஏறிவிட்டார்.

முதல் ஞாயிறு அவள் கைபேசியைத் தூக்கி, தொட்டிக்கு நேராகப் பிடித்து, ஒன்று எடுத்து அனுப்பினாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது: “நீ நல்லா இருக்க. மேஸ்திரி எங்க?”

எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் ஜன்னல் இருந்தது. கூடத்து விளக்கு இருந்தது. பூப்போட்ட உடையில், வாயைக் குவித்துக்கொண்டு அவளே முழுசாக இருந்தாள். அவள் வயிற்றுக்கு நேராக, யாரோ பழச்சாற்றைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போன மாதிரி ஒரு ஆரஞ்சுத் தீற்றல். அதுதான் மேஸ்திரி.

அவளுக்குச் சுருக்கென்றது. மனுஷ உடம்புக்குள்ளே, தோலுக்கும் சதைக்கும் அடியில் இருக்கிற மயிரிழை விரிசலைப் பிடித்துக் காட்டுகிறவளுக்கு, கண்ணெதிரே கண்ணாடிக்குள் இருக்கிற மீன் அகப்படவில்லை என்றால் எப்படி இருக்கும்?

அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே தொட்டி முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் அவளுக்குப் புரிந்தது வெளிச்சம். கூடத்தில் எது வெளிச்சமாக இருக்கிறதோ அது கண்ணாடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. திரையை இழுத்துவிட்டு, கூடத்து விளக்கை அணைத்து, தொட்டி விளக்கை மட்டும் விட்டாள். கண்ணாடியில் விழுந்த நிழற்பேய்களில் பாதி போனது. இரண்டாவது கோணம். பக்கவாட்டில் சாய்ந்து எடுத்த படங்களில் மேஸ்திரி இழுபட்டு, ஓரமெல்லாம் கலங்கியிருந்தது. இது அவளுக்குப் பழக்கமான சங்கதி. கதிர் சாய்வாக விழுந்தால் விரல் எலும்பு முருங்கைக்காய் மாதிரி நீண்டுவிடும், நேராக விழவேண்டும். கண்ணாடிக்கும் அப்படித்தான் என்று எழுந்து நேராக நின்றாள். மூன்றாவது, கைபேசி மீனை விட்டுவிட்டுக் கண்ணாடியில் காய்ந்திருந்த நீர்த்துளியைக் கூர்மையாக எடுத்து வைத்திருந்தது. உள்ளும் புறமும் துடைத்தாள்.

மாடியில் குடியிருந்த நாத்தனார் திரைச்சீலை தைக்கிறவள். கணவருக்கு அடுத்துப் பிறந்தவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. இருட்டில் முக்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன அண்ணி, அண்ணன் போய் ஒரு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள மீனோட பேச ஆரம்பிச்சுட்டீங்களா?”

“பேசல. படம் எடுக்கறேன். என் மூஞ்சியே திரும்பத் திரும்ப விழுது.”

“அது ஒண்ணும் மோசமான மூஞ்சி இல்லையே” என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் வந்து குனிந்து பார்த்தாள். மறுநாள் வெயில் புகாத திரைக்குத் தைத்தது போக மிச்சமிருந்த கறுப்புத் துணியைக் கொண்டுவந்தாள். தொட்டியின் முகப்பு முழுவதையும் மூடி முன்னால் தொங்குகிற அளவு. நடுவே தலையும் கையும் நுழைய ஒரு ஓட்டை, ஓட்டையைச் சுற்றி எலாஸ்டிக். “எனக்கென்னமோ மீனுக்குப் பாவாடை தைச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

துணி வந்தது. ஆனால் அந்த இருட்டில் கைபேசியின் கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லை. மீன் ஒரு திரும்பு திரும்பினால் படம் இழுத்துக்கொண்டு போனது. மருத்துவமனைக்குப் போகிற வழியில் பழைய கேமராக்கள் வாங்கி விற்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரர், தவிலை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்த ஒரு லென்ஸைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

“இதுல பாருங்க மேடம், அரை மைலுக்கு அப்பால புலி நின்னாலும் மீசைய எண்ணலாம்.”

“எங்க வீட்டு மீன் அரை மைல் தள்ளி நிக்காதுங்க. மூக்கோட மூக்கு வந்து ஒட்டும்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய், பூச்சி, பூ எடுக்கிறவர்கள் வாங்கும் குட்டையான மேக்ரோ லென்ஸ் ஒன்றையும், யாரோ இரண்டு வருஷம் வைத்திருந்து கொடுத்த கேமராவையும் எடுத்துவந்தார். அவளே லென்ஸ் முனைக்கு ஒரு ரப்பர் வளையம் கேட்டு வாங்கினாள். கண்ணாடியில் பதித்து வைத்தால் கீறல் விழாது, இடையில் வெளிச்சமும் நுழையாது. “ஃபிளாஷ் மேலயே இருக்கு மேடம், அமுக்கினா போதும்” என்றார் அவர். வீட்டுக்கு வந்து அமுக்கினாள். வெடி வெடித்த மாதிரி கண்ணாடி முழுக்க வெள்ளை. மேஸ்திரி பயந்து குழாய்க்குப் பின்னால் போய் அரை மணி நேரம் வெளியே வரவில்லை.

மறுபடி கடைக்குப் போய், கேமராவோடு ஒட்டாமல் தனியாக வைத்து எரியவைக்கிற ஃபிளாஷ் வாங்கினாள். அதைத் தொட்டியின் கண்ணாடி மூடிமேல், கீழ்நோக்கிப் படுக்கவைத்தாள். நடுவில் கேக் தட்டில் விரிக்கிற வெள்ளைத்தாள் ஒன்று. வெளிச்சம் மேலிருந்து, சூரியன் இறங்குகிற மாதிரி இறங்கியது. அழுகிற குழந்தைக்கு நேரத்தைக் குறைத்துக் கதிரைக் கூட்டுவது அவள் தினப்படி வேலை. இங்கேயும் அதேதான். கண் இமைப்பதற்குள் நூறு தடவை முடிந்துவிடுகிற நேரம், அதை ஈடுகட்ட மேலேயிருந்து வெளிச்சம். மீனைத் துரத்திக்கொண்டு லென்ஸைத் திருப்புவதையும் விட்டாள். ஒரு இடத்தில் குறியை வைத்துவிட்டு, மீன் அங்கே வரும்வரை உட்கார்ந்திருந்தாள். கண் கூர்மையாக இருந்தால் வால் மங்கினாலும் படம் படம்தான். வால் கூர்மையாக இருந்து கண் மங்கினால் குப்பை. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு அறுநூறு படம் ஆனது.

துணிக்குள்ளே தலையை விட்டுக்கொண்டு அவளறியாமல், “அப்படியே இரு... மூச்சைப் பிடி...” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மேஸ்திரி நின்றும் தொலைக்கும்.

மூன்றாம் மாதம் கணவர் ஒரு ஞாயிறு கூப்பிட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது. “அவன் வாலடியில கறுப்பு வட்டம் இருக்குல்ல, அது இடப்பக்கம் பாதியா உடைஞ்சு பிறை மாதிரி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு. நீ எடுத்ததுல தெரியுது. கூட இருக்கற பசங்க எல்லாருக்கும் காட்டினேன். நம்ப மாட்டேங்கறாங்க.”

“எதை?”

“நீ எடுத்ததுன்னு.”

அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

இனி ஒன்றே ஒன்றுதான் அவள் கண்ணை உறுத்தியது. குமிழிகள். காற்றுப் பம்ப்பிலிருந்து சரம் சரமாக எழும் குமிழிகள், ஃபிளாஷ் வெளிச்சத்தில் மீனின் முகத்தில் அம்மைபோட்ட மாதிரி விழுந்தன. வடிகட்டியோ அடித்தூசியைக் கிளப்பிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் இரண்டையும் நிறுத்தினாள். பத்து நிமிஷத்தில் தண்ணீர் தெளிந்து, தொட்டியில் தண்ணீரே இல்லாத மாதிரி ஆனது. துணிக்குள் தலையை விட்டு நாலு படம் எடுத்திருப்பாள், மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. பாலத்தடியில் பேருந்து கவிழ்ந்து முப்பது பேருக்குமேல் அடி. இருந்த கோலத்தில் ஓடினாள். கை, கால், விலா, இடுப்பு என்று வரிசை குறையவேயில்லை. மாற்று ஆள் வரும்வரை நின்று, மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

முதலில் அவளுக்குத் தட்டுப்பட்டது அமைதி. கூடத்தில் எப்போதும் இருக்கும் அந்தக் குறுகுறு சத்தம் இல்லை. பையைப் போட்டுவிட்டுத் துணியை விலக்கினாள். உறிஞ்சி மீன் மேலே மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்படி ஒரு வழி உண்டு. மேஸ்திரிக்கு இல்லை. தான் குவித்து வைத்த கூழாங்கல் மேட்டின்மேல் ஒருக்களித்துக் கிடந்தது.

முப்பது பேரின் உடைந்த எலும்புகளைப் பார்த்துக் கலங்காமல் வந்தவள், செருப்போடு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சத்தம் கேட்டு நாத்தனார் இறங்கி வந்தாள். தொட்டியைப் பார்த்துவிட்டு அண்ணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணன்கிட்ட சொல்லப்போறீங்களா?”

“தெரியல.”

“தனியா ஒரு அறையில படுத்துக்கிட்டு இருக்கற மனுஷன் அண்ணி. இந்த மீனப் பாத்துதான் வாரத்த ஓட்டுறாரு. இன்னொண்ணு வாங்கி விட்டுடுவோம். அவரு வர்றப்ப பாத்துக்கலாம்.”

தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எதிர்த்துப் பேச அன்று தெம்பில்லை. மேஸ்திரியைக் கட்டடத்துக்குப் பின்னால் மரத்தடியில் புதைத்துவிட்டு இரண்டு பேரும் மீன் கடைக்குப் போனார்கள். கடையின் பின்கட்டில், வீட்டுத் தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்துவிட்டதால் ஜனங்கள் கொண்டுவந்து விட்டுப்போகும் பெரிய மீன்கள் இருந்தன. மேஸ்திரி அளவில் ஒரு ஆஸ்கர் கிடைத்தது. ஆரஞ்சு கொஞ்சம் கம்மி. வாலடி வட்டம் இரண்டு பக்கமும் முழுசாக இருந்தது.

புதிது கல்லைத் தொடவில்லை, செடியைத் தொடவில்லை. குழாய்க்குப் பின்னால், சங்கோஜப்படும் விருந்தாளி மாதிரி அரை உடம்பைக் காட்டிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாளே அவளுக்கு அது விருந்தாளி ஆகிவிட்டது. “பேரெல்லாம் வைக்காதீங்க அண்ணி, ஃபோன்ல உளறிடுவீங்க” என்றாள் நாத்தனார்.

பிறகு ஞாயிறு வந்தது. நல்ல படம் எடுத்தால் வட்டம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, கற்றுக்கொண்ட அத்தனையையும் திருப்பிப் போட்டுச் செய்தாள். விளக்கைப் போட்டாள். துணியைக் கழற்றினாள். லென்ஸைச் சாய்த்தாள். மீன் திரும்புகிற சமயம் பார்த்து அமுக்கினாள். தீற்றலாக ஒன்று விழுந்தது. அதை அனுப்பியபோது, கையெழுத்தைக் கோணலாகப் போட்டு யாரையோ ஏமாற்றியதுபோல் இருந்தது.

“என்னாச்சு, பழையபடி மங்குது?”

“லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிருக்காம். சரி பண்ணக் குடுத்திருக்கேன்.”

எட்டு வாரம் இப்படிப் போனது. பூஞ்சைக்குப் பிறகு பேட்டரி, பேட்டரிக்குப் பிறகு கைவலி. அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

ஒன்பதாவது சனிக்கிழமை மத்தியானம், அவள் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விருந்தாளி குழாய்க்குப் பின்னாலிருந்து முழுசாக வெளியே வந்தது. துணியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று, வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. அவள் மூச்சுவிடாமல் பின்னால் நகர்ந்தாள். திரையை இழுத்து, கறுப்புத் துணியை மாட்டி, தாளை விரித்து, ஃபிளாஷைப் படுக்கவைத்து எல்லாம் முடிக்கும்வரை அது அங்கேயே இருந்தது. பம்ப்பை அவள் தொடவில்லை. குமிழி விழுந்தால் விழட்டும். “அப்படியே இரு” என்றாள். விருந்தாளி இரண்டாவது கொட்டாவியை விட்டது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உதட்டோரத்துப் பொடிப் பற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. உள்ளே செவுளின் சிவப்புச் சீப்புகள். கண்ணைச் சுற்றி ஒரு செம்பு வளையம், அதற்குள் இருள். பின்னால் மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், முழு வட்டம். அவள் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம். எக்ஸ்ரேக்களையும் சேர்த்து.

அழிக்க மனம் வரவில்லை. இதை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு தீற்றலை அனுப்பவும் கை வராது. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, முதலில் படத்தை அனுப்பிவிட்டு, பம்ப்பிலிருந்து மரத்தடி வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். முடித்ததும் அவர், “சரி. வேலைக்கு நேரமாச்சு” என்று வைத்துவிட்டார்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

திங்கள், செவ்வாய், புதன் போனது. நாத்தனார் அண்ணி கண்ணில் படாமல் நடமாடினாள். வியாழக்கிழமை, மருத்துவமனையில் எக்ஸ்ரேக்கா டீ இடைவேளையில் இருந்தபோது கைபேசி அடித்தது.

“மேஸ்திரி போனது...” என்று ஆரம்பித்து அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மூணு நாள் ஒண்ணுமே ஓடல. பதினோரு வருஷம் இருந்தான். அத விடு. நீயும் வேணும்னு பண்ணல. ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்த ரெண்டு மாசம் மங்கலா அனுப்பினியே, அது வேணும்னே எடுத்ததா?”

“ஆமாங்க.”

“அடிப்பாவி! நான் ஃபோனத் துடைச்சுத் துடைச்சுப் பாத்துட்டு, எனக்குத்தான் கண்ணு போயிருச்சுன்னு நினைச்சு கண் டாக்டர்கிட்ட போனேன்!”

அவள் வாயில் இருந்த டீ மேஜைக்கு வந்தது. “அவரு என்ன சொன்னாரு?”

“என்ன சொன்னாரு? ரெண்டு கண்ணுலயும் கோளாறு இருக்குன்னு சொல்லி கண்ணாடி மாட்டி விட்டுட்டாரு. ஒரு வருஷமா மங்கலாத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியல. லிஃப்ட் கேபிள்ல நூல் பிரியறது இப்பத்தான் ஒழுங்காத் தெரியுது. சிரிக்காத.”

“சிரிக்கல.”

“சிரிக்கற. கேக்குது.” பிறகு அவர் கேட்டார். “அந்தப் புதுசு கல்லெல்லாம் தூக்குதா?”

“இல்ல. சும்மா நின்னு பாக்குது. கூச்ச சுபாவம்.”

“பல்லு வரைக்கும் எடுத்திருக்க” என்றார் அவர். “கண்ணாடியக் கழட்டிட்டும் பாத்தேன், போட்டுட்டும் பாத்தேன். போட்டுட்டுப் பாத்தாதான் நல்லா இருக்கு.”

அந்தக் கொட்டாவிப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, எக்ஸ்ரே அறையில், நோயாளி நிற்கிற இடத்துக்கு எதிர்ச் சுவரில் அவள் மாட்டினாள். குழந்தைகள் உள்ளே வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்க்கும். அந்த ஒரு கணம் அவளுக்குப் போதும். தலைமை டாக்டர் ஒருநாள் வந்து, எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே புதிதாக வாங்கிவந்து, தன் வீட்டு மீன் ஏன் வெள்ளையாக விழுகிறது என்று கேட்டார். “ஃபிளாஷ மூடி மேல வைங்க சார். அப்புறம் பம்ப்ப மட்டும் எதுக்காகவும் நிறுத்தாதீங்க” என்றாள்.

பதினெட்டு மாதம் முடிந்து கணவர் வந்தார். மூக்கில் கண்ணாடி, கை நிறைய பெட்டி. முதலில் அவளைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். பிறகுதான் தொட்டிப் பக்கம் போனார். விருந்தாளி புது ஆளைக் கண்டதும் குழாய்க்குப் பின்னால் போய்விட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. அவள் வந்தால் வந்து கண்ணாடியில் மூக்கை வைக்கும். “என் வீட்டுலயே நான் வெளியாளா?” என்று நாலு நாள் புலம்பினார். ஐந்தாம் நாள், அவள் படம் எடுக்கத் துணியை மாட்டும்போது, தானும் உள்ளே வருவதாகச் சொல்லி முக்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார். ஓட்டைக்குப் பக்கத்தில் எலாஸ்டிக் தளர்ந்திருந்ததால் அந்த இடத்தை அவர் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இருட்டில் இரண்டு தலைகள். எதிரே தொட்டி மட்டும் விடிந்த மாதிரி இருந்தது.

“கை வலிக்குது.”

“பேசாதீங்க, துணி ஆடுது.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அது வர்ற நேரம்.”

அவர் பெருமூச்சு விட்டார். லென்ஸ் முனை மங்கியது. அவள் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு, “மூச்சு விடறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி விடுங்க” என்றாள். அவர் முகத்தைத் திருப்பி அவள் தோளில் வைத்துக்கொண்டார். குழாய்க்குப் பின்னாலிருந்து அரை உடம்பு எட்டிப் பார்த்தது.